எச்டி வீடியோவை டிவிடியாக மாற்றும்போது சத்தம் உடைகிறதா? படிப்படியாகச் சரிசெய்யும் வழி

கல்யாணம், காதுகுத்து, மணிவிழா எல்லாவற்றையும் இப்போது ஃபுல் எச்டியில் எடுத்துப் பென் டிரைவில் போட்டுத் தந்துவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் பெரியவர்கள் பலரிடம் இன்னும் டிவிடி பிளேயர்தான் இருக்கிறது. அதனால் அந்த எச்டி கோப்பை டிவிடியாக மாற்றித் தரும் வேலை குடும்பத்தில் யாராவது ஒருவர் தலையில் விழும். படம் பெரும்பாலும் நன்றாகவே வந்துவிடும், சத்தம்தான் படுத்தும். எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவில் கெட்டிமேளம் வரும் இடத்தில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து அப்படியே கிழிந்தன, தாலி கட்டும் அந்த இரண்டு நிமிடமும் வெறும் கரகரப்பு. கன்வர்ட்டரை மாற்றியும், வேறு டிஸ்க் வாங்கியும் சரியாகவில்லை. ஒவ்வொரு கட்டமாக நின்று கேட்டுப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்த வேலையை வரிசைப்படி எழுதுகிறேன், நீங்கள் நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தம் உடைந்தால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன், எந்தக் கட்டத்தில் உடைகிறது என்று பாருங்கள். அப்புறம் ஒலியைப் படத்திலிருந்து தனியாகப் பிரித்து, சரிசெய்து, திரும்பச் சேருங்கள். இரண்டையும் ஒரே பொத்தானில் மாற்ற நினைக்கும்போதுதான் பாதிப் பிரச்சினை வருகிறது.

இது உங்கள் சொந்த வீடியோக்களுக்கான வழிகாட்டி. கடையில் வாங்கிய புளூரே டிஸ்க்கின் பூட்டை உடைப்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு சம்பந்தப்பட்ட விவகாரம், அதற்குள் நான் போகவில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முக்கியமானது மூலக் கோப்பு. ஸ்டுடியோ எடிட் முடித்து வெளியே எடுத்த இறுதிக் கோப்பே வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம், யாரோ செல்போனுக்காகச் சுருக்கிக் கொடுத்ததும் வேண்டாம். முடிந்தால் ஸ்டுடியோவிடம் ஒலியை மட்டும் தனி வாவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடிட் ப்ராஜெக்ட் கையில் இருக்கும்வரை அவர்களுக்கு இது சின்ன வேலைதான். ஆனால் தள்ளிப்போடாதீர்கள், ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று பழைய ப்ராஜெக்டுகளை ஒரு கட்டத்தில் அழித்துவிடுவார்கள். கணக்குத் தீர்க்கும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

மென்பொருளுக்குச் செலவே இல்லை. கோப்பின் விவரம் பார்க்க மீடியாஇன்ஃபோ, ஓட்டிக் கேட்க விஎல்சி, ஒலியைத் திருத்த ஆடாசிட்டி, அதற்கான எஃப்எஃப்எம்பெக் துணைக் கோப்பு, படத்தையும் ஒலியையும் சேர்க்க எம்கேவிடூல்நிக்ஸ், டிவிடி உருவாக்க டிவிடிஸ்டைலர், டிஸ்க்கில் எழுத விண்டோஸ் என்றால் இம்ஜ்பர்ன், எல்லாமே இலவசம். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படித்து, கூடவே வேறு ஏதாவது நிறுவ டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், ஆனால் அது டிவிடி வீடியோ உருவாக்காது. அதில் மாற்றிய எம்பி4 கோப்பை டிஸ்க்கில் அப்படியே எழுதிவிட்டு பிளேயரில் ஓடவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

கணினியில் இடம் வேண்டும். ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலியை ஆடாசிட்டியில் திறந்தால் ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபிக்கு மேல் பிடிக்கும், மூன்று மணி நேர வீடியோ என்றால் 12 ஜிபியைத் தாண்டும். அது போக டிவிடி கோப்புகளுக்கு இன்னொரு 10 ஜிபி. 30 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதி.

டிஸ்க் விஷயத்தில், திரும்பத் திரும்ப எழுதக்கூடிய டிவிடி ஆர்டபிள்யூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சோதனை எல்லாம் அதில்தான். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் வீணாகப் போகும் சாதா டிஸ்க்குகளைக் கணக்குப் பார்த்தால் அது லாபம். பழைய பிளேயர் சில ஆர்டபிள்யூ டிஸ்க்கைப் படிக்காது, அதையும் முதலிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

2. சத்தம் எங்கே கெடுகிறது? மூன்று இடத்தில் கேளுங்கள்

சத்தம் மோசமாக உடையும் ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள், அது எந்த மணி, எந்த நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தை ஹெட்போனில் மூன்று முறை கேட்க வேண்டும்.

முதலில் மூலக் கோப்பை விஎல்சியில். சத்த அளவை 100க்கு மேல் ஏற்றாதீர்கள், ஏற்றினால் விஎல்சியே உடைக்கும். இங்கேயே கரகரத்தால் டிவிடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, 4ஆம் படிக்குப் போங்கள்.

அடுத்து, மென்பொருள் உருவாக்கிய வீடியோ டிஎஸ் ஃபோல்டரை, டிஸ்க்கில் எழுதும் முன், கணினியிலேயே விஎல்சியில் திறந்து கேளுங்கள். மூலத்தில் சுத்தமாக இருந்து இங்கே கெட்டிருந்தால், கோளாறு மாற்றும் கட்டத்தில் இருக்கிறது.

கடைசியாக, எழுதிய டிஸ்க்கைப் பிளேயரிலும் டிவியிலும். முதல் இரண்டும் சுத்தம், இங்கே மட்டும் கெடுகிறது என்றால் டிஸ்க், பிளேயர் அமைப்பு, ஒயர், ஆம்ப்ளிஃபையர் இவற்றில் ஒன்று. நேராக 8ஆம் படிக்குப் போய்விடலாம்.

கெடும் விதமும் நிறையச் சொல்லும். உரத்த இடத்தில் மட்டும் கரகரத்தால் அளவு மீறிய ஒலி. குரல் எல்லாம் மெலிந்து குழந்தைக் குரலாக வேகமாகக் கேட்டால் சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) குழப்பம், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 48 என்று நினைத்து ஓட்டினால் 8.8 சதவீதம் வேகம் கூடும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக வாயசைவும் பேச்சும் விலகினால் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) பக்கம் பாருங்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீரான பேரிரைச்சல் என்றால் டிடிஎஸ் போன்ற சுருக்கிய ஒலியைச் சாதாரண ஒலியாக நினைத்து ஓட்டுகிறது என்று அர்த்தம். விட்டு விட்டு நின்று வந்தால் பிட்ரேட் (விநாடிக்கு ஓடும் தரவின் அளவு) அதிகம், அல்லது டிஸ்க் சரியில்லை.

இன்னொன்று கல்யாண வீடியோவில் அடிக்கடி வரும். பாட்டுக் கச்சேரியில் பாடுபவர் குரல் ஹெட்போனில் எங்கோ தலைக்குப் பின்னால் கேட்பது போல் இருக்கும், ஒரே ஸ்பீக்கர் உள்ள டிவியில் குரலே காணாமல் போய்விடும். மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து கேமராவுக்கு ஒயர் கொடுக்கும்போது, இரு பக்க ஒலியில் ஒன்று தலைகீழாகப் பதிவாகிவிடுவதால் இப்படி நடக்கிறது. ஆடாசிட்டியில் ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து, ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் மெனுவில் இன்வெர்ட் கொடுத்தால் குரல் நடுவுக்கு வந்து நிற்கும். மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

3. மீடியாஇன்ஃபோவில் கோப்பின் ஜாதகத்தைப் படியுங்கள்

கோப்பை மீடியாஇன்ஃபோவில் இழுத்துப் போடுங்கள். ஆடியோ பகுதியில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபார்மட், சேனல் எண்ணிக்கை, சாம்பிளிங் ரேட், பிட்ரேட். வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட், அது கான்ஸ்டன்ட்டா (சீரானதா) வேரியபிளா (மாறிக்கொண்டே இருப்பதா) என்பது.

டிவிடி ஏற்கும் ஒலி சொற்பம். ஏசி3 (டால்பி டிஜிட்டல் என்பதும் இதுதான்), சுருக்காத எல்பிசிஎம், எம்பி2, சில பிளேயர்களில் டிடிஎஸ். சாம்பிளிங் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். ஏஏசி, டால்பி டிஜிட்டல் பிளஸ், ட்ரூஹெச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர், ஃபிளாக் எதுவும் டிவிடிக்கு ஆகாது, மாற்றியே ஆக வேண்டும். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஏசி3. மூலத்திலும் ஏசி3 இருக்கிறதே என்று அப்படியே நகலெடுப்பார்கள். எச்டி கோப்புகளில் ஏசி3 640 கேபிபிஎஸ் வரை வரும், டிவிடிக்கு உச்சவரம்பு 448. கணினியில் நன்றாக ஓடும், பிளேயரில் போட்டால் இரைச்சலோ மௌனமோதான்.

4. ஒலியைத் தனியாக எடுத்து அளவைக் குறையுங்கள்

ஆடாசிட்டியைத் திறந்து, முதலில் ப்ராஜெக்ட் ரேட்டை 48000 என்று வையுங்கள். பிறகு வீடியோ கோப்பை இம்போர்ட் செய்யுங்கள். எஃப்எஃப்எம்பெக் நிறுவியிருந்தால் ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆடியோ இருந்தால் எது வேண்டும் என்று கேட்கும்.

வியூ மெனுவில் ஷோ கிளிப்பிங் என்று ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். அளவு மீறிய இடமெல்லாம் சிவப்புக் கோடாகத் தெரியும். எங்கள் வீடியோவில் முகூர்த்தப் பகுதி முழுக்கச் சிவப்பு வேலியாக நின்றது. பயப்பட வேண்டாம், சிவப்பெல்லாம் கெட்டுப்போன ஒலி இல்லை. ஏஏசி, ஏசி3 போன்ற சுருக்கிய ஒலியை விரிக்கும்போது உச்சங்கள் பூஜ்யம் டெசிபல் என்ற மேல் எல்லையைத் தாண்டிப் போவது சகஜம். ஆடாசிட்டி 32 பிட் ஃப்ளோட்டில் வேலை செய்வதால் தாண்டிய பகுதியும் பத்திரமாக உள்ளே இருக்கும். நேரடியாக 16 பிட்டுக்கு மாற்றும் கன்வர்ட்டர்களில்தான் அது வெட்டுப்படுகிறது.

ஆகவே முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட்டில் ஆம்ப்ளிஃபை போய், கழித்தல் 6 டெசிபல் கொடுங்கள். இப்போது சிவப்பாக இருந்த ஒரு இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தனித்தனி அலை தெரியும் அளவுக்கு. உச்சி வளைவாக இருந்தால் பிழைத்தது, ஒலி முழுசாக மீண்டுவிட்டது. அளவைக் குறைத்த பிறகும் உச்சி சீவிய இளநீர் மாதிரி தட்டையாகவே இருந்தால், அது கேமரா மைக்கிலோ எடிட்டிலோ வெட்டுப்பட்ட ஒலி. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் கேமராவை ஆட்டோ லெவலில் நிறுத்தினால் இப்படி ஆகும்.

அதற்கும் முதலில் செய்ய வேண்டியது ஸ்டுடியோவில் கேட்பது. இரண்டு மூன்று கேமராவில் எடுத்திருப்பார்கள், தள்ளி நின்ற கேமராவின் ஒலி நன்றாக இருக்கலாம். அது கிடைக்கவே கிடைக்காது என்றால் ஆடாசிட்டியின் கிளிப் ஃபிக்ஸ். உடைந்த பகுதியை மட்டும், சில விநாடிகளாகத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள், முழுக் கோப்புக்கும் போட்டால் மணிக்கணக்கில் ஓடும். கரகரப்பு குறையும், முழுதாகப் போகாது.

குறைத்ததால் பேச்சு மிகவும் தணிந்து போனால், லிமிட்டர் எஃபெக்ட்டைப் போட்டு உச்சத்தைக் கழித்தல் 3 டெசிபல் அளவில் நிறுத்தி, பிறகு கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். கடைசியில் உச்சம் கழித்தல் 2 டெசிபலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி3 ஆக மாற்றும்போது உச்சம் மறுபடி சற்று ஏறும், அதற்கு இந்த இடைவெளி வேண்டும்.

5. மூலம் 5.1 என்றால் தனிக் கவனம்

ஆறு டிராக்காகத் திறக்கும்: இடது, வலது, நடு, சப்வூஃபர், பின் இடது, பின் வலது. பிளேயரிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் போகும் வீட்டுக்கு 5.1 தேவையில்லை, ஸ்டீரியோ போதும். ஆனால் ஆறையும் அப்படியே கொட்டிக் கலந்தால் கட்டாயம் உடையும். வழக்கமான கணக்கு இது: இடது, வலது முழு அளவில், நடுவும் பின் இரண்டும் 3 டெசிபல் குறைத்து, சப்வூஃபரை விட்டுவிடலாம். இப்படிச் சேர்த்தாலும் மோசமான இடத்தில் கூட்டுத்தொகை 7.7 டெசிபல் வரை மீறலாம், அதனால் கலந்த பிறகு 8 டெசிபல் குறைத்துவிட்டு அங்கிருந்து தேவைக்கு ஏற்றுங்கள்.

பேச்சு எல்லாம் நடு டிராக்கில்தான் இருக்கும். மென்பொருள் இடதையும் வலதையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடுவை விட்டுவிட்டால், பின்னணி இசை கேட்கும், பேச்சு கேட்காது. அப்படி வந்தால் காரணம் இதுவே.

6. ஏசி3 ஆக எடுப்பது

எக்ஸ்போர்ட்டில் ஏசி3 தேர்ந்தெடுத்து, ஸ்டீரியோவுக்கு 192 அல்லது 224 கேபிபிஎஸ், 5.1ஆகவே வைத்துக்கொள்பவர்கள் 448 கொடுங்கள். 128க்கு இறக்காதீர்கள், ஏற்கெனவே சுருக்கிய ஒலியை இன்னொரு முறை நசுக்கினால் தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல ஆகிவிடும், தவிலின் அடி முதலில் போகும்.

சுருக்காத எல்பிசிஎம் தரமானதுதான், ஆனால் இடத்தைத் தின்னும். இரண்டு மணி நேரத்துக்கு ஏசி3 192இல் சுமார் 173 எம்பி, எல்பிசிஎம்மில் சுமார் 1.4 ஜிபி. அவ்வளவையும் படத்திடமிருந்துதான் பிடுங்க வேண்டும். ஒரு மணி நேரக் கச்சேரி மட்டும் என்றால் எல்பிசிஎம் வைக்கலாம், எனக்கும் அதுதான் பிடிக்கும். முழுக் கல்யாணத்துக்கு வேண்டாம்.

வேறு ஏசி3 மென்பொருள் பயன்படுத்தினால் டயலாக் நார்மலைசேஷன் என்ற எண் இருக்கும். அதைக் கழித்தல் 31 என்று வையுங்கள், அப்போதுதான் பிளேயர் சத்தத்தைத் தானாகக் குறைக்காது. டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன் என்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மேளம் அடிக்கும்போதெல்லாம் பேச்சு அமுங்கி, அப்புறம் மெல்ல எழும்பும்.

7. படத்தோடு சேர்ப்பதும் டிவிடி உருவாக்குவதும்

எம்கேவிடூல்நிக்ஸில் மூலக் கோப்பைச் சேர்த்து, பழைய ஆடியோவின் டிக்கை எடுத்துவிட்டு, புது ஏசி3 கோப்பைச் சேர்த்து, மல்டிபிளெக்ஸ் கொடுங்கள். படத்தை மறுபடி மாற்றாது, வெறுமனே சேர்ப்பதால் சில நிமிடங்களில் முடியும். இங்கேயே அவுட்புட் பகுதியில் ஸ்பிளிட் வசதி இருக்கிறது, அதைக்கொண்டு சத்தம் மிகுந்த ஐந்து நிமிடத்தை மட்டும் தனிக் கோப்பாக வெட்டிக்கொள்ளுங்கள். முழு வேலையையும் முதலில் இந்தத் துண்டுக்குச் செய்து, ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதி, பிளேயரில் கேட்டுவிட்டு, அதன் பிறகே முழு நீளத்தைத் தொடங்குங்கள். பழைய லேப்டாப்பில் முழு வீடியோவையும் டிவிடிக்கான எம்பெக்2 ஆக மாற்ற அது ஓடும் நேரத்துக்குப் பக்கத்தில் ஆகிவிடும், முடிந்த பிறகு தப்பு தெரிந்தால் ஒரு ராத்திரி போச்சு.

டிவிடிஸ்டைலரில் கோப்பைச் சேர்த்து, அதன் ப்ராபர்ட்டீஸில் ஆடியோவுக்கு காப்பி என்று தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் நீங்கள் பாடுபட்டுச் சரிசெய்த ஒலியை அது இன்னொரு முறை மாற்றும்.

ஃபிரேம் ரேட்டில் கவனம் வையுங்கள். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) விநாடிக்கு 25 படம். ஸ்டுடியோ 25 அல்லது 50இல் எடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. 23.976இல் உள்ள கோப்பைப் பாலுக்கு மாற்றும்போது சில மென்பொருள் படத்தை 4 சதவீதம் வேகமாக ஓட்டும், குரலும் சுருதியும் ஏறும், சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பதில் அமெரிக்க முறையான என்டிஎஸ்சி டிவிடியாகச் செய்துவிடுங்கள், ஒலியின் வேகம் மாறாது, நம் ஊரில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். செல்போனில் எடுத்த வீடியோ வேரியபிள் ரேட்டில் இருக்கும், அதுதான் வாயசைவு விலகுவதற்குப் பெரிய காரணம். அதை மட்டும் முதலில் ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு வாருங்கள். ஹேண்ட்பிரேக் உதவுவது இந்த இடத்தில்.

பிட்ரேட்டைப் பொறுத்தவரை, டிவிடியில் படம், ஒலி எல்லாம் சேர்ந்து விநாடிக்கு 10.08 மெகாபிட்தான் உச்சம். ஓரத்துக்குப் போக வேண்டாம், வீடியோவின் உச்சத்தை 8 மெகாபிட்டில் நிறுத்துங்கள், சத்தம் விட்டு விட்டு வருவது பெரும்பாலும் நின்றுவிடும். 4.7 ஜிபி டிஸ்க்கில் (விண்டோஸில் 4.37 என்று காட்டும்) இரண்டு மணி நேரம் என்றால் வீடியோவுக்குச் சராசரி 4.8 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணி நேரத்தை ஒன்றிலேயே திணிக்காதீர்கள், முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க் என்று பிரித்துவிடுங்கள்.

நேராக டிஸ்க்கில் எழுதாமல், முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, விஎல்சியில் குறித்துவைத்த அந்த நிமிடத்தைக் கேளுங்கள்.

8. எழுதுவதும், பிளேயர் பக்கம் பார்க்க வேண்டியதும்

இம்ஜ்பர்னில் 4 எக்ஸ் வேகம் கொடுங்கள், சுமார் 14 நிமிடம் ஆகும். 16 எக்ஸில் எழுதி மிச்சமாகும் சில நிமிடங்களுக்காகப் பழைய பிளேயரில் திக்கித் திணறும் டிஸ்க் வாங்கிக்கொள்ள வேண்டாம். வெரிஃபை டிக் போட்டிருக்கட்டும்.

பிளேயரில் ஒலி கெட்டால், செட்டப் மெனுவில் டிஜிட்டல் அவுட் என்பதைப் பிட்ஸ்ட்ரீமிலிருந்து (சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்புவது) பிசிஎம்முக்கு (பிளேயரே விரித்து அனுப்புவது) மாற்றிப் பாருங்கள். டால்பி புரியாத டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் அது போதும். டிவியில் சரவுண்ட், பாஸ் பூஸ்ட் ஏதாவது இருந்தால் அணையுங்கள்.

வீட்டில் தனி ஆம்ப்ளி இருந்தால், பிளேயரின் ஒயர் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று பின்னால் எட்டிப் பாருங்கள். மைக் துளையில் செருகியிருந்தால் எவ்வளவு நல்ல டிஸ்க்காக இருந்தாலும் சத்தம் உடைந்துதான் வரும், மைக் துளை மிக மெல்லிய ஒலிக்கானது. ஆக்ஸ் அல்லது லைன் என்று போட்டிருக்கும் துளைக்கு மாற்றுங்கள். பிளேயரிலேயே வால்யூம் இருந்தால் அதை முக்கால் அளவில் நிறுத்தி, மீதியை ஆம்ப்ளியில் ஏற்றுங்கள்.

எல்லாம் சரியாக வந்ததும் அந்த ஐஎஸ்ஓ கோப்பை அழிக்காதீர்கள். சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று பிறகு கேட்பார்கள். அதிலிருந்தே எழுதிக் கொடுத்துவிடலாம், கால் மணி நேர வேலை.